வயலில் விளைந்த தொடர்

போரில் வென்ற நாடு ரொட்டிக்கு வரிசையில் நின்றது. 1945-ல் இரண்டாம் உலகப்போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் அட்டைக்கு முடிவு வரவில்லை. குண்டு விழுந்த ஆண்டுகளில்கூடத் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கே 1946-ல்தான் முதன்முறையாக ரேஷன் வந்தது. மறு ஆண்டு பிறந்ததும் பனி கொட்டத் தொடங்கி மார்ச் வரை விடவில்லை. மலைச்சரிவுகளில் லட்சக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்தன. சேமித்து வைத்த உருளைக்கிழங்கு உறைந்து அழுகிப்போனது. வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்கலாம் என்றால் கஜானாவில் டாலர் இல்லை. உள்ளூர் மண்ணில் கூடுதலாக விளைவிப்பது ஒன்றே வழி. அரசாங்கம் 1947-ல் வேளாண் சட்டம் கொண்டுவந்து விளைபொருளுக்கு உறுதியான விலை கொடுத்தது. புது விதை, புது உரம், டிராக்டர், மாட்டு நோய்த் தடுப்பு என்று விவசாயிகளுக்குச் சொல்லித்தரவும் ஏராளமான விஷயங்களை வைத்திருந்தது. கேட்பதற்கு விவசாயிதான் கிடைக்கவில்லை.

அந்த விவசாயியைத் தேடும் வேலை கோட்ஃப்ரி பேஸ்லியின் தலையில் விழுந்தது. வொர்ஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ஆல்வ்சர்ச் கிராமத்தில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நாடக நடிகராக இருந்து வானொலிக்கு வந்தவர். பர்மிங்ஹாம் பிபிசி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகளுக்கு அவர்தான் பொறுப்பு. நிபுணர்களை அழைத்து வந்து பேசவைத்தார். மைக்கைப் பண்ணைகளுக்கே கொண்டுபோனார். சொன்னதெல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் யாருக்கு அது மிகவும் தேவையோ அந்தச் சிறு விவசாயி, நாளெல்லாம் சேற்றில் உழைத்துவிட்டு வந்து, பேராசிரியர் ஒருவர் உர விகிதத்தை வாசிப்பதைக் கேட்க உட்காரவில்லை. பேஸ்லிக்கு வேறு வழி தெரியவில்லை. விவசாயிகளையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்தார்.

1948 ஜூன் மாதம் பர்மிங்ஹாமில் கூட்டம் கூடியது. விவசாயிகள், வேளாண் அதிகாரிகள், வானொலிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆலோசனைகள் வந்தபடி இருந்தன; எல்லாமே ஏற்கெனவே செய்து பார்த்தவை. கூட்டம் இப்படியே கலைந்துவிடும் போலிருந்தது. அப்போது லிங்கன்ஷயரிலிருந்து வந்திருந்த ஹென்றி பர்ட் என்ற விவசாயி எழுந்தார். டவுஸ்பி என்ற ஊர்க்காரர். பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர். நமக்கு வேண்டியது விவசாயம் பார்க்கும் ஒரு டிக் பார்ட்டன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கமே வெடித்துச் சிரித்தது.

டிக் பார்ட்டன் யாரென்று அன்று பிரிட்டனில் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். 1946 அக்டோபரில் பிபிசியின் லைட் புரோகிராமில் தொடங்கிய சாகசத் தொடரின் நாயகன் அவன். வாரநாள் மாலை 6.45-க்குக் குதிரை பாய்வது போல ஓர் இசை எழும்பும். அடுத்த கால் மணி நேரத்துக்குத் தெருவில் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. போர் முடிந்து வந்த பார்ட்டனும் அவனுடைய கூட்டாளிகள் ஜாக், ஸ்னோயி இருவரும் கடத்தல்காரர்களையும் உளவாளிகளையும் துரத்துவார்கள். ஒவ்வொரு நாளும் வெடிக்கப்போகும் குண்டுக்கு அருகிலோ, நீர் ஏறிக்கொண்டிருக்கும் நிலவறையிலோ கதை அறுபடும். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் புகார் எழுதியதால், பார்ட்டன் குடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, காதலிக்கவும் கூடாது என்று பிபிசி விதிகளே வகுத்தது. இப்பேர்ப்பட்ட சாகசக்காரனுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் என்ன சம்பந்தம்? சிரித்தபடியே எல்லோரும் ஊர் திரும்பினார்கள். பேஸ்லிக்கு மட்டும் அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை.

பார்ட்டனைக் கேட்பவர்களைக் கட்டிப்போடுவது எது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். துப்பாக்கியா, வெடிகுண்டா? இரண்டுமே இல்லை, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலை விவசாயியின் வீட்டில் எப்போது இல்லாமல் இருந்தது? அறுவடைக்கு முந்தின நாள் மேகம் கறுக்கிறது. நள்ளிரவில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது. குத்தகைக் கெடு நெருங்குகிறது, சந்தையில் விலை விழுகிறது. இவற்றைவிடத் திகிலான கதையை எந்த உளவாளியும் கொண்டுவந்துவிட முடியாது. பாடத்தைக் கதைக்குள் வைத்துக் கொடுத்தால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை பேஸ்லிக்கு வந்தது. எழுதத்தான் ஆள் வேண்டும். அவர் தேடிப்போன ஆட்களைக் கேள்விப்பட்டிருந்தால் அன்று சிரித்தவர்கள் இன்னும் உரக்கச் சிரித்திருப்பார்கள்.

எட்வர்ட் ஜே. மேசன், ஜெஃப்ரி வெப். பார்ட்டனைத் தினமும் மரண வாசலில் நிறுத்திக்கொண்டிருந்த அதே இரண்டு எழுத்தாளர்கள்! விவசாயத்துக்கு ஒரு டிக் பார்ட்டன் வேண்டுமென்றால் டிக் பார்ட்டனை எழுதுகிறவர்களே எழுதட்டும் என்று பேஸ்லி நினைத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிண்டலாக வந்த யோசனையை ஒரு மனிதர் அதன் எழுத்து பிசகாமல் நிறைவேற்றத் துணிகிறார். விவசாயத் தகவலுக்குப் பேஸ்லி பொறுப்பு, விறுவிறுப்புக்கு அவர்கள் பொறுப்பு. அறுபது பங்கு பொழுதுபோக்கு, முப்பது பங்கு தகவல், பத்துப் பங்கு கல்வி என்று கலவைக்குக் கணக்கும் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்குக்கு உயிர் கொடுக்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆம்பிரிட்ஜ் என்று ஒரு கிராமத்தைக் கற்பனையில் கட்டினார்கள். அது இருக்கும் மாவட்டத்துக்குப் போர்செட்ஷயர் என்று பெயர் வைத்தார்கள். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. ஊருக்கு நடுவே 'தி புல்' என்ற மதுக்கடை. வொர்ஸ்டர்ஷயரில் இன்க்பரோ ஊரிலிருக்கும் 'ஓல்டு புல்'தான் அதற்கு முன்மாதிரி என்பார்கள். மூன்று விதமான விவசாயிகளைப் படைத்ததில்தான் பேஸ்லியின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. புரூக்ஃபீல்டு பண்ணையில் குத்தகைக்கு உழும் டேன், சிக்கனமும் அனுபவமும் கொண்டவர். நல்ல யோசனையை யோசித்து ஏற்றுக்கொள்பவர். பக்கத்துப் பண்ணை வால்டர் கேப்ரியல் எதையும் அரைகுறையாகச் செய்து நஷ்டப்படுபவர். மூன்றாமவர் ஃபேர்பிரதர், நிலத்தில் பணத்தைக் கொட்டும் பணக்கார வியாபாரி. ஒரு புதிய உரம் வந்தால் மூவரும் மூன்று விதமாகப் பயன்படுத்துவார்கள். எது சரி என்பதை விளைச்சல் சொல்லிவிடும். யாரும் எழுந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. டேனுக்கு டோரிஸ் என்ற மனைவி. ஜாக், ஃபில், கிறிஸ்டின் என்று மூன்று பிள்ளைகள். குடும்பம் தயார். மேலிடம்தான் தயாராக இல்லை.

லண்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் உள்ளூரிலேயே ஒரு வெள்ளோட்டம் பார்க்கத்தான் வழி கிடைத்தது. 1950-ல் விட்சன் திருநாள் வாரத்தில், மே 29 முதல் ஐந்து நாள், மத்திய இங்கிலாந்துக்கு மட்டும் ஒலிபரப்பானது. முகப்பு இசைக்குப் புதிதாக மெட்டுப் போட வசதியில்லாததால், இருக்கிற இசைத்தட்டுகளிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். யார்க்ஷயரில் பிறந்த ஆர்தர் வுட் 1924-ல் எழுதிய 'பார்விக் கிரீன்' என்ற துள்ளல் இசை, கம்பத்தைச் சுற்றி ஆடும் மே மாத நாட்டுப்புற ஆட்டத்துக்கானது. ஐந்து நாள் முடிந்ததும் நேயர்களிடமிருந்து வரவேற்பு வந்தது. ஆனால் அவர்கள் கிராமத்தைச் சுற்றி வாழ்பவர்கள். கிளாஸ்கோவிலும் லண்டனிலும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் டேனின் மாட்டைப் பற்றிக் கவலைப்படுவார்களா?

அதைச் சோதித்துப் பார்க்க லைட் புரோகிராம் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. ஐரோப்பாவில் போர் ஓய்ந்த மூன்றே மாதத்தில், 1945 ஜூலை 29 அன்று பிறந்த சேவை அது. சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் வீடுகளின் சுவர்க்கடிகாரமாகிவிட்டது. காலை ஒன்பது தாண்டினால் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்', இல்லத்தரசிகள் எழுதிக் கேட்ட பாடல்கள். பத்தரைக்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. போர்க்கால ஆலைகளில் கை ஓயக் கூடாது என்று 1940-ல் தொடங்கிய இடைவெளியில்லாத இசை, ஆலைக்கு வெளியே வீட்டு வேலைக்கும் துணையாகியிருந்தது. மதியம் ஒன்றே முக்காலுக்கு அம்மா மடியில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதை, இரண்டு மணிக்குப் பெண்களுக்கான 'உமன்ஸ் அவர்', நாலேகாலுக்கு டாக்டர் ஒருவரின் மனைவி சொல்லும் 'மிஸஸ் டேல்ஸ் டைரி', மாலையில் டிக் பார்ட்டன், இரவில் நகைச்சுவையும் பேண்டு வாத்தியமும். பாத்திரம் கழுவும் நேரம், துணி தேய்க்கும் நேரம், தேநீர் நேரம் எல்லாம் இந்த வரிசையோடு இணைந்திருந்தன. இவ்வளவு நெருக்கமான நாளில் புதுக் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் காலை 11.45. எந்த விவசாயிக்காகத் தொடர் உருவானதோ அந்த விவசாயி அந்நேரத்தில் வயலில் இருப்பார்.

1951 ஜனவரி 1, திங்கட்கிழமை. அந்தத் துள்ளல் இசை நாடு முழுக்க ஒலித்தது. டேனின் குடும்பப் பெயரையே தொடருக்கும் வைத்திருந்தார்கள்: 'தி ஆர்ச்சர்ஸ்'. டேனாக ஹாரி ஓக்ஸ், டோரிஸாக க்வென் பெரிமன், ஃபில் என்ற இளைஞனாக நார்மன் பெயின்டிங் பேசினார்கள். கடத்தல்காரன் வரவில்லை, குண்டு வெடிக்கவில்லை. பால் விலையும் பக்கத்து வீட்டு வம்பும் பையனின் காதலும்தான் பேச்சு. அகால நேரத்திலும் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கூடியவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள். ரேஷனில் வாங்கும் வெண்ணெய்க்குப் பின்னால் எத்தனை பேருடைய விடியற்காலை இருக்கிறதென்று அவர்களுக்கு முதன்முறையாகக் காதால் தெரிந்தது. பாடம் போய்ச் சேர வேண்டிய விவசாயியைத்தான் இன்னும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. அவர் வீட்டுக்கு வரும் மாலை நேரத்தில் ஓர் இடம் காலியாக வேண்டும். அப்படிக் காலியாகக் கூடிய இடம் யாருடையது?

டிக் பார்ட்டனுடையதுதான். 1951 மார்ச் 30 அன்று, 711 அத்தியாயங்களோடு, அந்தச் சாகசக்காரன் கடைசியாக ஒருமுறை உயிர் தப்பினான். அடுத்த வாரம் அதே 6.45-க்குக் குதிரைப் பாய்ச்சல் இசை வர வேண்டிய இடத்தில் மே மாத ஆட்டம் ஒலித்தது. எந்தத் தொடரைப் போல ஒன்று வேண்டுமென்று பர்ட் கேட்டாரோ அந்தத் தொடரையே ஆர்ச்சர் குடும்பம் வெளியேற்றிவிட்டது. மேசனும் வெப்பும் தாங்கள் வளர்த்த மூத்தவனை வழியனுப்பிவிட்டு இளையதைத் தூக்கிக்கொண்டார்கள். பையன்களுக்கு ஏமாற்றம், வீடுகளுக்கோ புதுப் பழக்கம். 1953-ல் தினமும் கேட்பவர்கள் 95 லட்சத்தை எட்டினார்கள். வேளாண் அமைச்சகம் தொடர்ந்து தகவல் தந்துகொண்டிருந்தது. களைக்கொல்லியும் தீவனமும் உரையாடலுக்குள் உறுத்தாமல் வந்து போயின. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வானத்தில் வேறோர் அலை எழும்பத் தயாரானது.

1955 செப்டம்பர் 22, வியாழக்கிழமை இரவு 7.15-க்கு பிரிட்டனின் முதல் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி லண்டன் கில்டுஹாலில் தொடக்க விழாவோடு பிறக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அதுவரை தொலைக்காட்சியில் போட்டியே அறியாத நிறுவனம் பிபிசி. லைட் புரோகிராமின் தலைவர் ரூனி பெல்லெட்டியர் யோசித்தார். போட்டியாளர் பிறக்கும் வேளையில் ஆம்பிரிட்ஜில் ஒரு பயங்கர மரணம் நேர்ந்தால் நல்லது என்று உள்குறிப்பில் எழுதினார். ஃபேர்பிரதரின் மகள் கிரேஸுக்கும் ஃபில்லுக்கும் அந்த ஆண்டு ஈஸ்டர் திங்களன்றுதான் கல்யாணம் நடந்திருந்தது. நாடே கேட்டு மகிழ்ந்த கல்யாணம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. யார் சாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் பேசி முடித்தார்கள். நடிகர்களுக்குக்கூட விஷயம் தெரியாது. அன்றாட நடப்பைக் கதையில் கொண்டுவரும் பயிற்சி என்று சொல்லி, அந்த வார அத்தியாயங்களை அன்றன்றே பதிவுசெய்தார்கள்.

வியாழன் மாலை 6.45. கிரே கேபிள்ஸ் விடுதியில் ஃபில்லும் கிரேஸும் நண்பர்களோடு விருந்தில் இருக்கிறார்கள். குதிரை லாயத்தில் தீ. உள்ளே கிறிஸ்டினின் மிட்நைட் என்ற குதிரை. கிரேஸ் உள்ளே ஓடுகிறாள். எரியும் உத்தரம் அவள் மீது விழுகிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் தன் கைகளிலேயே அவள் இறந்துவிட்டதை ஃபில் வீட்டாரிடம் சொல்வதோடு அத்தியாயம் முடிந்தது. கேட்டவர்கள் இரண்டு கோடிப் பேர் என்கிறார்கள். பிபிசியின் தொலைபேசி இணைப்பகம் திணறியது. மலர்வளையங்கள் வந்தன, இரங்கல் கடிதங்கள் குவிந்தன, கண்ணீரும் கோபமுமாக மக்கள் கேள்வி கேட்டார்கள். மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் ஐடிவியின் விழாவை ஒரு கற்பனைப் பெண்ணின் சாவு ஓரங்கட்டியது. கிரேஸாக நடித்த இசான் சர்ச்மன் பின்னாளில் இன்னொரு காரணமும் சொன்னார்: நடிகைகளுக்கும் நடிகர்களுக்கு இணையான சம்பளம் கேட்டதற்குத்தான் தன்னைக் கொன்றார்கள் என்று. அவர் சொன்னது உண்மையானால், அந்த இரவின் வெற்றியில் ஒரு நியாயமான கோரிக்கையும் சேர்ந்து எரிந்துபோயிருக்கிறது.

அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தொடர் தாக்குப்பிடிக்குமா என்று சந்தேகப்பட இடமிருந்தது. ஏனென்றால் வானொலியின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி வீடு வீடாக நுழைந்தது. 1956-ல் புரூக்ஃபீல்டு பண்ணைக்குக் கோமாரி நோய் வந்து டேனின் கால்நடைகளையெல்லாம் கொல்ல வேண்டிவந்தது. நோய் கண்ட பண்ணையில் அன்று நிஜத்தில் நடந்ததும் அதுதான். பேஸ்லி கற்றுக்கொடுக்க நினைத்ததைக் கேட்பவர்கள் துக்கமாக அனுபவித்துக் கற்றார்கள். 1957-ல் ஃபில், ஜில் என்ற பெண்ணை மணந்துகொண்டான். அந்த வேடத்துக்கு வந்த பட்ரிசியா கிரீன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே ஜில்லாகப் பேசினார். 1961-ல் ஹாரி ஓக்ஸ் இறந்தார். டேன் வேறு குரலில் வாழ்ந்தார். 1967-ல் லைட் புரோகிராம் என்ற பெயரே மறைந்து ரேடியோ 2 ஆனது. 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்' போனது, 'மிஸஸ் டேல்ஸ் டைரி' 1969-ல் மூடப்பட்டது. 1972-ல் வேளாண் அமைச்சகத்தின் தொடர்பும் அறுந்தது. பேஸ்லியும் அதற்குள் தொடரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டிருந்தார். பிறந்ததற்கான காரணம், பிறந்த வீடு, பெற்றவர் எல்லாம் போனபின் பிள்ளை என்ன ஆனது?

பஞ்சகாலத்தில் விளைச்சலைப் பெருக்க மூன்று மாதச் சோதனையாக வந்த அந்தத் தொடர் இன்றும் பிபிசி ரேடியோ 4-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. 20,000 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. அதே 'பார்விக் கிரீன்', அதே ஆம்பிரிட்ஜ், அதே புரூக்ஃபீல்டு. டேனின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் பண்ணையைப் பார்க்கிறார்கள். விவசாய விஷயங்களைக் கவனிப்பதற்கென்றே கதை ஆசிரியர் ஒருவரைத் தயாரிப்புக் குழு வைத்திருக்கிறது. எந்த மாதம் எந்த வேலை நடக்கும் என்பதில் பிசகு வந்தால் கேட்பவர்களே கடிதம் எழுதிவிடுவார்கள். 1950-ன் வெள்ளோட்டத்திலேயே ஃபில்லாகப் பேசத் தொடங்கிய நார்மன் பெயின்டிங், 2009-ல் இறக்கும்வரை, ஏறத்தாழ 59 ஆண்டுகள், அதே ஃபில்லாகவே இருந்தார்.

உலகில் மிக நீண்ட காலமாக ஓடும் நாடகத் தொடர் 'தி ஆர்ச்சர்ஸ்'தான். அதைத் தொடங்கிவைத்த யோசனைக்குச் சொந்தக்காரர் எந்த எழுத்தாளரும் இல்லை, எந்த அதிகாரியும் இல்லை. லிங்கன்ஷயரில் நிலம் உழுத ஒரு விவசாயி.